உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு ஊர் நோன்புப் பெருநாள்

பெங்களூரு நீலசந்திராவில் உருதுவும் தமிழும் அடுத்தடுத்த வாசல்களில் கேட்கும். பெருநாள் காலையில் இங்கே தக்கனி உருது பேசும் வீடுகளில் ஷீர் குர்மா மணக்கும்: நெய்யில் வறுத்த சேமியா, சுண்டக் காய்ச்சிய பால், பேரீச்சை, சாரைப்பருப்பு.

• இலங்கை முஸ்லிம் வீடுகளில் வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி கலந்து ஆவியில் வேகவைப்பார்கள்.

• இந்தோனேசியா, மலேசியாவில் கெத்துப்பாட். இளந்தென்னை ஓலையில் பின்னிய கூட்டுக்குள் அரிசியை இட்டு அவிப்பார்கள்.

• துருக்கியில் பிள்ளைகள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, இனிப்பும் காசும் வாங்குவார்கள்.

பண்டம் மாறினாலும் ஃபித்ரா எங்கும் உண்டு: வசதியுள்ளவர்கள் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்குத் தானியமோ அதன் விலையோ கொடுத்துவிட வேண்டும்.