சிலையினும் சிறந்த சின்னம்

சான்றோர் மறைந்தபின் அவர்க்குச் சிலை எடுத்தல் எளிது. அவர்தம் பணியைத் தொடர்தலே அரிது. இதற்கு நான் காட்ட விரும்பும் சான்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பேராயராய் விளங்கிய டெனிஸ் ஹர்லி.

கலங்கரை விளக்கக் காவலரின் மகனாக 1915-இல் பிறந்த ஹர்லி, இளமையில் சில காலம் ராபன் தீவில் வளர்ந்தார். மண்டேலா பின்னாளில் சிறையிருந்த தீவு அதுவே! 31-ஆம் வயதிலேயே ஹர்லி ஆயரானார். அவர் தலைமையில் இயங்கிய கத்தோலிக்க ஆயர் பேரவை, நிறவெறிக் கொள்கை இயல்பிலேயே தீயது என 1957-இல் அறிவித்தது. வெள்ளையராய்ப் பிறந்தும் அவர் வெள்ளையர் ஆட்சியின் அநீதிக்குத் துணைபோகவில்லை. நமீபியாவில் காவல் படையினர் இழைத்த கொடுமைகளை எடுத்துரைத்ததற்காக 1984-இல் அவர்மீது வழக்குத் தொடர்ந்த அரசு, மறு ஆண்டே அதைக் கைவிட்டது.

1994-இல் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. 2004-இல் ஹர்லி மறைந்தார். ஆனால், மனிதனை மனிதன் இகழும் நோய் மறைந்ததா? 2015-இல் அதே டர்பனில், பிழைப்புத் தேடிவந்த பிறநாட்டு ஆப்பிரிக்கர்கள் தாக்கப்பட்டனர்.

அவ்வாண்டிலேயே, ஹர்லியின் நூற்றாண்டு நினைவாக, இம்மானுவேல் பேராலயத்தின் அருகே அவர் பெயரால் ஒரு மையம் திறக்கப்பட்டது. அங்கே வீடற்றோர்க்கு உணவும், நோயுற்ற ஏழையர்க்கு மருத்துவமும், அகதிகளுக்கு ஆதரவும் கிடைக்கின்றன.

சிலைக்கு மாலையிட ஆண்டில் ஒருநாள் போதும். பசித்தவர்க்கோ நாள்தோறும் உணவிட வேண்டும். ஆகவே, அன்றாடம் நினைக்கப்படுபவர் ஹர்லியே என்பேன்.