புளிப்பின் பயன்: பம்பளிமாஸ் கலவையும் நமது உணவும்

சீனப் பெருநாள் வந்துவிட்டால் நமது பள்ளி அலுவலகத்தில் ஆரஞ்சுப் பழப்பெட்டிகள் வந்து சேர்வது வழக்கம். தோட்டத்திற்குச் சரக்கு கொண்டுவரும் வணிகர்கள் அன்போடு அனுப்பி வைப்பவை அவை. நாமும் மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக் கொடுப்போம். இனிப்பான பழம் கிடைத்தவர்கள் மகிழ்ச்சியோடு தின்பார்கள். புளிப்பான பழம் கிடைத்தவர்களோ ஒரு சுளையைக் கடித்து, முகத்தைச் சுளித்து, மீதியை வேலியோரம் வீசிவிடுவார்கள்.

அவ்வாறு பழங்கள் வீசப்பட்டுக் கிடந்த ஒரு வாரத்தில், காலைக் கூட்டத்தின்போது நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றோம். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, இரத்தச் சோகை என்று கூறினார்கள். செய்தியறிந்து ஓடிவந்த அவளுடைய தாயார் நம்மிடம், "வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை ஆக்கித்தானே போடுகிறேன், சார். இருந்தும் ஏன் இப்படி?" என்று கண்கலங்கிக் கேட்டார்.

அந்தத் தாயின் கேள்விக்குரிய விடையில் ஒரு பகுதி, நமது மாணவர்கள் வேலியோரம் வீசிய அந்தப் புளிப்புப் பழங்களில் இருக்கிறது. அதனை மாணவர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கட்டுரையின் முடிவில், வீட்டிலேயே எளிதாகச் செய்யக்கூடிய பழக்கலவை ஒன்றின் செய்முறையையும் தருகிறோம்.

குளிர்காலத்துக் கனிகள்

எலுமிச்சை, நார்த்தை, ஆரஞ்சு, பம்பளிமாஸ் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் மிகப் பெரியது பம்பளிமாஸ். மலாய் மொழியில் இதனை லீமாவ் பாலி என்பர். பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகிலுள்ள தம்பூன் இப்பழத்திற்குப் பெயர்பெற்ற ஊராகும். அவ்வழியே பயணம் செய்வோர் சாலையோரக் கடைகளில் வலைப்பையில் தொங்கும் பம்பளிமாஸ் பழங்களைக் கண்டிருப்பர்.

நாம் இன்று உண்ணும் ஆரஞ்சு, பம்பளிமாசும் சிறு ஆரஞ்சாகிய மாண்டரினும் கலந்து பிறந்த கலப்பினம் என்பது அறிவியலறிஞர் கண்ட முடிவு. ஆகவே, பம்பளிமாசை ஆரஞ்சின் பாட்டி என்று சொன்னால் தவறாகாது. ஆரஞ்சு என்னும் பெயரிலும் நமக்கு ஓர் உறவுண்டு. நார்த்தை, நாரத்தை என்று நாம் வழங்கும் சொல்லின் இனமான ஒரு சொல்லே வடமொழியில் நாரங்கமாகவும், பாரசீகத்தில் நாரங்காகவும், அரபியில் நாரஞ்சாகவும் மாறி, மேலைநாடுகளுக்குச் சென்று ஆரஞ்சு ஆயிற்று என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.

இப்பழங்கள் சீனப் பெருநாளையொட்டிக் குவிவதற்குக் காரணம் யாது? சீன நாட்டில் மாண்டரின் ஆரஞ்சு பழுக்கும் காலம் குளிர்காலம். அங்கே அறுவடையாகும் பழங்கள் சனவரி, பிப்ரவரி மாதங்களில் நம் நாட்டை வந்தடைகின்றன. மேலும், கான்டனீஸ் மொழியில் இப்பழத்தைக் குறிக்கும் சொல்லும் பொன்னைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒத்திருப்பதால், சீனர்கள் இதனை மங்கலப் பொருளாகக் கருதி இணை இணையாகக் கொடுத்து மகிழ்கின்றனர்.

இங்கு மாணவர்கள் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. சீனத்து ஆரஞ்சு பொன்னிறமாக இருக்க, நம் நாட்டில் விளையும் ஆரஞ்சு பழுத்த பின்னரும் பச்சையாகவே இருப்பது ஏன்? தோலிலுள்ள பச்சையம் சிதைந்தால்தான் அதனடியில் மறைந்துள்ள மஞ்சள் நிறம் வெளிப்படும். பச்சையம் நன்கு சிதைவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். நம் நாட்டு இரவுகள் வெப்பமானவை. எனவே, நிறத்தைக் கண்டு பழத்தை எடைபோடுதல் கூடாது. பச்சைத் தோலுக்குள்ளும் இனிய பழம் இருக்கும்.

மாலுமிகள் கற்பித்த பாடம்

முற்காலத்தில் மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்த மாலுமிகளை ஸ்கர்வி என்னும் கொடிய நோய் வாட்டியது. ஈறுகள் வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடும், ஆறிய புண்களும் மீண்டும் திறந்துகொள்ளும், முடிவில் உயிரே போகும்.

1747ஆம் ஆண்டு மே மாதம், பிரிட்டிஷ் கப்பலான சாலிஸ்பரியில் பணியாற்றிய ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற மாலுமிகள் 12 பேரை இருவர் இருவராக ஆறு பிரிவாகப் பிரித்தார். அனைவருக்கும் உணவு ஒன்றே; மருந்து மட்டும் வேறு வேறு. ஒரு பிரிவினருக்கு ஆப்பிள் மது, ஒரு பிரிவினருக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒரு பிரிவினருக்குக் காடி, ஒரு பிரிவினருக்குக் கடல்நீர், ஒரு பிரிவினருக்குப் பூண்டும் கடுகும் சேர்ந்த ஒரு பசை, எஞ்சிய இருவருக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் கொடுத்தார். பழம் உண்ட இருவரே மிக விரைவில் தேறினர். ஆறே நாட்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலையை அடைந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, காடியும் புளிப்பு, அமிலமும் புளிப்பு, ஆனால் அவை நோயைத் தீர்க்கவில்லை என்பதாகும். ஆகவே, நோயைத் தீர்த்தது புளிப்புச் சுவையன்று. பழத்தினுள் இருந்த வேறொரு பொருள். அதுவே உயிர்ச்சத்து சி என்பது பின்னாளில் கண்டறியப்பட்டது. இவ்வாராய்ச்சிக்காக ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட் கியோர்கி 1937ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். லிண்ட் சோதனை செய்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 1795இல்தான் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க முடிவு செய்தது. நல்ல செய்தி கிடைத்தும் அதனைப் பின்பற்றத் தாமதித்தால் எத்தனை உயிர்கள் வீணாகும் என்பதற்கு இது சான்றாகும்.

கீரையும் தேநீரும்

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். கீரையில் இரும்புச்சத்து உண்டு என்பது உண்மையே. ஆனால், இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதாக ஏற்பதுபோல், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை ஏற்பதில்லை. பெரும்பகுதி பயனின்றி வெளியேறிவிடும். அதே வேளையில் உயிர்ச்சத்து சி வயிற்றில் சேருமாயின், அந்த இரும்புச்சத்தை உடல் ஏற்கும் வடிவத்திற்கு மாற்றி உதவுகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களோ இரும்பைப் பற்றிக்கொண்டு, உடலில் சேராமல் தடுக்கின்றன.

நமது வீடுகளில் நடப்பது யாது? சோறும் கீரையும் உண்டு முடித்தவுடன் பிள்ளைகளுக்கும் ஒரு குவளைத் தேநீர் கொடுக்கிறோம். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்வதற்கு இது ஒப்பாகும். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம். உணவோடு புளிப்புப் பழம் ஏதேனும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்விரண்டு மாற்றங்களுக்கும் பெருஞ்செலவு ஏதுமில்லை.

100 கிராம் பம்பளிமாஸ் சுளையில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உள்ளது. ஆரஞ்சிலும் ஏறக்குறைய அந்த அளவு உண்டு. நமது வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கொய்யாவிலோ ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது. ஆகவே, பழம் வாங்கப் பணமில்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறத்தலாகாது. இச்சத்து சூட்டினாலும், வெட்டிய பின் நெடுநேரம் திறந்து வைப்பதாலும் குறைந்துபோகும். பழத்தைச் சமைக்காமல், உண்ணும் நேரத்தில் உரித்து உண்பதே சிறப்பு.

எண்ணெயும் காடியும்

பச்சைக் காய்கனிகளை எண்ணெயும் காடியும் சேர்ந்த ஒரு சாற்றில் புரட்டி உண்பது மேலைநாட்டார் வழக்கம். அச்சாற்றைப் பிரெஞ்சுக்காரர் வினிகிரெட் என்பர். காடியைக் குறிக்கும் அவர்களது சொல்லுக்குப் புளித்த மது என்பது பொருள். பழச்சாறு நொதித்து மதுவாகி, அம்மது நுண்ணுயிர்களால் மேலும் புளித்துக் காடியாகிறது. நமது கடைகளில் சுக்கா என்று விற்கப்படுவது இக்காடியே.

எண்ணெயும் காடியும் தாமாகக் கலப்பதில்லை. ஒரு புட்டியிலிட்டுக் குலுக்கினால், எண்ணெய் சிறு சிறு துளிகளாகப் பிரிந்து கலந்ததுபோல் தோன்றும். சற்று நேரத்தில் துளிகள் ஒன்றுகூடி மேலே மிதக்கும். அரைத்த கடுகைச் சிறிது சேர்த்தால், கடுகின் தோலிலுள்ள வழவழப்பான பசை எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து, அவை விரைவில் ஒன்றுசேராதபடி தடுக்கும். மாணவர்கள் இரண்டு சிறு புட்டிகளை எடுத்து, ஒன்றில் கடுகு சேர்த்தும் மற்றொன்றில் சேர்க்காமலும் 50 முறை குலுக்கி வைத்து, எது முந்திப் பிரிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வரலாம். அறிவியல் பாடம் அடுக்களையிலேயே தொடங்கிவிடும்.

செய்முறை

ஒரு குடும்பத்தினர் அறுவர் உண்பதற்கு வேண்டியவை: பெரிய பம்பளிமாஸ் பாதி, மாண்டரின் ஆரஞ்சு 3, வெள்ளரிக்காய் 1, சின்ன வெங்காயம் 5, புதினாவும் கொத்துமல்லித் தழையும் ஒரு கைப்பிடி, வறுத்து உடைத்த நிலக்கடலை 2 மேசைக்கரண்டி. கடலை ஒவ்வாதவர்கள் அதனை விட்டுவிடலாம்.

சாற்றுக்கு வேண்டியவை: நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, காடி 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, சிறிது நீர்விட்டு அரைத்த கடுகு கால் தேக்கரண்டி, கஸ்தூரி எலுமிச்சை 2.

முதலில் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் காடியை ஊற்றி, உப்பையும் சீனியையும் அதில் கரைக்க வேண்டும். இவை எண்ணெயில் கரையமாட்டா. ஆதலால், எண்ணெயை முதலில் ஊற்றுதல் கூடாது. பின்னர்க் கடுகையும் எண்ணெயையும் சேர்த்து, மூடியை இறுக மூடி நன்றாகக் குலுக்க வேண்டும். மேலைநாட்டார் ஆலிவ் எண்ணெய் சேர்ப்பர். நாம் நல்லெண்ணெயைக் கூறுவது ஏனெனில், இட்டலிப் பொடியோடு பச்சையாக உண்டு பழகிய எண்ணெய் அது.

பம்பளிமாசின் தடித்த தோலையும் வெண்ணிறப் பஞ்சையும் நீக்கி, சுளையைச் சுற்றியுள்ள கசப்பான தோலையும் உரித்து, உள்ளிருக்கும் முத்துகள் நசுங்காமல் உதிர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம், மகிழ்ச்சியோடு செய்வார்கள். ஆரஞ்சுச் சுளைகளையும் மெல்லிய வெள்ளரித் துண்டுகளையும் வெங்காயத்தையும் அதனோடு சேர்த்து, உண்பதற்குச் சற்று முன்னர்ச் சாற்றை ஊற்றி மெல்லப் புரட்ட வேண்டும். முன்னதாகவே ஊற்றினால் உப்பு நீரை வெளியேற்றிக் கலவையைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். இறுதியில் தழைகளையும் கடலையையும் தூவி, கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் கலவை ஆயத்தம். புளிப்பு மிகுந்த ஆரஞ்சும் இதில் சுவையாகவே இருக்கும். மலாய்க்காரர்களின் கெராபுவுக்கு இது நெருங்கிய உறவு. சோறும் கீரையும் உண்ணும் அதே வேளையில் இதனையும் உண்டால்தான் முன்னர்க் கூறிய பயன் கிட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, மிக முக்கியமானது. காடியில் புளிப்பைத் தருவது அசிட்டிக் அமிலம். அடுக்களைக் காடியில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 பங்கே இருக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைப்பதற்கும் அமிலமே பயன்படுகிறது. எறும்பின் உடலிலும் உள்ள பார்மிக் அமிலமும், சில இடங்களில் அசிட்டிக் அமிலமும் அதற்கு உதவுகின்றன. ஆனால், அவை கடுமையானவை. வாயையும் உணவுக்குழலையும் வெந்துபோகச் செய்யும். நிறத்தால் அவற்றுக்கும் காடிக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே, வேலைத்தளத்து அமிலத்தையோ களைக்கொல்லி மருந்தையோ குடிநீர்ப் புட்டியிலும் காடிப் புட்டியிலும் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருதல் அறவே கூடாது. காடியைக் கடையில், பெயர்ச்சீட்டு ஒட்டிய புட்டியில் மட்டுமே வாங்குங்கள். பிள்ளைகளே, பெயரில்லாத புட்டியிலிருந்து எதனையும் ஊற்றாதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, தாத்தா பாட்டிமாருக்கு உரியது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் இரத்த அழுத்தத்திற்குரிய சில மாத்திரைகளும் பம்பளிமாசோடு ஒத்துப்போவதில்லை. மருந்தின் வேகம் அளவுக்கு மீறிக் கூடிவிடலாம். மாத்திரை உண்போர் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்ட பின்னரே இப்பழத்தை உண்ண வேண்டும்.

முடிவுரை

பழம் உண்டால் மட்டும் இரத்தச் சோகை தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. குடற்புழு முதலிய வேறு காரணங்களும் உண்டு. மயக்கமும் வெளிறிய முகமும் கண்டால் மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வதே முறை. அம்மாணவிக்கும் மருந்தகத்தில் மருந்து கொடுத்தார்கள். வீட்டிலும் உணவு முறையை மாற்றிக்கொண்டார்கள். இன்று அவள் காலைக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறாள்.

அன்று அத்தாயார் கேட்ட கேள்வி நமது தோட்டத்துத் தாய்மார் அனைவரின் கேள்வியாகும். அவர் கீரை சமைக்கத் தவறவில்லை. அக்கீரைக்கு ஒரு துணை வேண்டும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல நாம்தாம் தவறிவிட்டோம். அத்தவறை இக்கட்டுரையால் ஓரளவு சரிசெய்துகொள்கிறோம். மாணவச் செல்வங்களே, அடுத்த சீனப் பெருநாளுக்குப் பெட்டிகள் வரும்போது புளிப்புப் பழம் கிடைத்தால் அதனை வேலியோரம் வீசாதீர்கள். வீட்டிற்கு எடுத்துச் சென்று அம்மாவிடம் இப்பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.