ராலியில் நின்றுபோகும் பழைய கார்: பாலிசி எங்கே கைவிடும், சட்டம் எங்கே கைகொடுக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய கார்கள் வரிசை கட்டிப் போவதைச் சென்னைவாசிகள் பார்த்திருப்பார்கள். எம்.ஜி., டிரையம்ப், ஜாகுவார், நடுவே சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கூரையைத் திறந்துவிட்டு, கையசைத்துக்கொண்டே போவார்கள். அதில் ஒன்று பாதி வழியில் இருமிவிட்டு நின்றுபோனால், உரிமையாளருக்கு முதலில் வரும் ஆறுதல், "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே" என்பதுதான்.

அந்த ஆறுதலுக்கு ஆதாரம் இல்லை. நம் நாட்டில் தனியார் கார்களுக்கு விற்கப்படும் வழக்கமான பேக்கேஜ் பாலிசி, இயந்திரக் கோளாறையும் மின்கோளாறையும் தேய்மானத்தையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. பாலிசிக்கு விபத்து வேறு, பிரேக்டவுன் வேறு. மரத்தில் மோதினால் பணம் உண்டு. கன்டென்சர் போய் நின்றால் இல்லை. வண்டியை இழுத்துப்போகும் செலவு என்று பாலிசியில் எழுதியிருக்கும் 1,500 ரூபாய்கூட, பாலிசி ஏற்கும் சேதம் நடந்தால்தான் வரும். வழித்துணை உதவி என்று தனியாக விற்கிறார்களே, அதை வாங்கியிருந்தால் வேறு கதை. ஆனால் அதில் பெரும்பாலும் வண்டியின் வயதுக்கு வரம்பு இருக்கும். நாற்பது வயது கார்க்காரர் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டே காசு கட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய கண்ணி பயன்பாட்டு வரம்பில் இருக்கிறது. பந்தயம், வேகச் சோதனை, வாடகை ஓட்டம் ஆகியவற்றோடு ‘நம்பகத்தன்மைச் சோதனை ஓட்டம்’ என்பதையும் பாலிசி விலக்குகிறது. சேர்ந்து போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் கிளப் உலாவை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இத்தனை கிலோமீட்டர் வேகம், இத்தனை மணிக்கு இந்தச் சாவடி, தாமதமானால் அபராதப் புள்ளி என்று நடக்கும் ராலிகளும் உண்டு. அங்கே நிஜமாகவே மோதல் நடந்தால், நிறுவனம் அந்த வரியைத் தூக்கிக் காட்ட இடம் இருக்கிறது. இதற்கென்றே ஒரு கூடுதல் ஒப்புதல் உண்டு. மோட்டார் காப்பீட்டு ஒப்புதல்களின் வரிசையில் எண் 31, ராலிகளுக்கானது. ராலியின் விதிமுறைத் தாளை இணைத்து, "இது என் பாலிசிக்குள் வருமா?" என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் போனில் சொன்ன "அதெல்லாம் வரும் சார்" எந்த மன்றத்திலும் நிற்காது.

பாலிசியைக் கையில் எடுத்ததோடு மதிப்பையும் பார்த்துவிடுவது நல்லது. ஐந்து வயதைத் தாண்டிய கார்களுக்கும் உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கும் காப்பீட்டு மதிப்பை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசாவிட்டால் லட்சங்கள் கொட்டிப் புதுப்பித்த கார், தாளில் பழைய இரும்பு விலைக்கு நிற்கும்.

ஆர்.சி. விஷயத்தில் பலர் அசட்டை. தனியார் கார் பதிவு 15 ஆண்டுகள், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். திருட்டுப்போன ஒரு காரின் தற்காலிகப் பதிவு காலாவதியாகி இருந்த வழக்கில், காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி ‘வின்டேஜ்’ பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் செல்லும். எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பின் ‘விஏ’ வரும். கண்காட்சி, ராலி, எரிபொருள், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் இந்தப் பதிவின் விதியையும் மீறுகிறீர்கள், பாலிசியையும் மீறுகிறீர்கள்.

வண்டி ஏன் நிற்கிறது? நம் ஊர் வெயிலில் பழைய பதில், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. அம்பாசடர் டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றியது அதனால்தான். இப்போது அதற்கு எத்தனாலும் துணை சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் கார்ப்பரேட்டர் வாஷர்களையும் மெல்ல ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். விரிசல் விட்ட குழாயிலிருந்து சொட்டும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழுந்தால் ஏற்படுவது பிரேக்டவுன் அல்ல, தீ. எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாற்றுவதும் ஒரு தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும், குரோம் பளபளப்புக்கு ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகாது.

சாலையில் நின்றுவிட்டால் சட்டம் உங்களுக்கு எதிரி அல்ல. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 201ஆம் பிரிவின்படி 500 ரூபாய் வரை அபராதம். ஆனால் எதிர்பாராமல் பழுதாகி, அப்புறப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்தப் பிரிவின் அபராதமும் இழுவைக் கட்டணமும் பொருந்தாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. கவனியுங்கள், வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். மெக்கானிக்குக்கோ ரெக்கவரி வண்டிக்கோ நீங்கள் போன் செய்த நேரம் உங்கள் செல்போனில் இருக்கிறதே, போலீஸ்காரரிடம் அதைக் காட்டலாம். ஆளில்லாமல் பத்து மணி நேரம் விட்டால், 127ஆம் பிரிவின்படி இழுத்துப்போய்விடுவார்கள், செலவும் உங்கள் தலையில். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ஐக் கூப்பிடுங்கள். மற்ற சாலைகளில் ஆபத்தான இடத்தில் சிக்கினால் 112.

காரைப் பூட்டிவிட்டுக் கிளப் விருந்துக்கு நண்பர் காரில் தொற்றிக்கொண்டு போவது வழக்கமாக நடக்கிறது. பாலிசி நிபந்தனை இதையும் விட்டுவைக்கவில்லை. பிரேக்டவுனுக்குப் பிறகு தகுந்த பாதுகாப்பு இல்லாமல் வண்டியை விட்டுப் போகக் கூடாது. பழுது பார்க்காமல் ஓட்டினால் அதனால் கூடும் சேதம் உங்கள் பொறுப்பு. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள். பழைய கார்கள் பலவற்றில் நான்கு விளக்கும் சிமிட்டும் ஸ்விட்சே கிடையாது. உதவ வருகிறவர் பேட்டரி ஒயரை மாட்டப்போனால் முதலில் தடுத்து நிறுத்துங்கள். 1967க்கு முந்தைய எம்.ஜி.பி. உள்ளிட்ட அந்நாளைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய காரை நினைத்துக்கொண்டு ஒயரை மாட்டினால் தீப்பொறிதான் பறக்கும்.

அமைப்பாளர் பக்கம் வருவோம். ‘எதற்கும் கிளப் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கி, பின்னால் சர்வீஸ் வேனும் மெக்கானிக்கும் வருவார்கள் என்று எழுத்தில் சொல்லிவிட்டு அனுப்பாமல் விட்டால், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் கேட்க முடியும். ஆனால் உங்கள் காரின் தேய்ந்த கியருக்குக் கிளப்பைக் குற்றம் சொல்ல முடியாது. நியாயமும் அதுதான். இலவச உலா என்றால் இந்தச் சட்டத்தின் வாசல் அநேகமாகத் திறக்காது.

பாலிசி ஏற்க வேண்டிய சேதத்தை நிறுவனம் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டைக் கேட்கலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

உண்மையில் அதிகம் சண்டை வருவது ஒர்க்‌ஷாப்பில்தான். ராலிக்கு முந்தின வாரம் ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்று அனுப்பிய வண்டி நடுரோட்டில் நின்றிருக்கும், மறுபடி இழுத்து வந்தால் புது பில் நீளும். பணம் தராமல் வண்டி கிடைக்காது, ஏனென்றால் செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருகிறது. அங்கே மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ‘ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதில் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகள் அவகாசம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கழற்றிய பழைய பாயின்ட்டையும் பம்ப்பையும் குப்பையில் போடவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள். மாற்றினேன் என்று பில்லில் எழுதிய பாகம் நிஜமாகவே மாற்றப்பட்டதா என்ற கேள்வி வரும்போது, அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.