அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்ற எந்த நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு?

அமெரிக்காவில் செவிலியராக இருக்கும் நம் பிள்ளைகள் மேற்படிப்பு குறித்துக் கேட்கும்போது, "எது சீக்கிரம் முடியும், எவ்வளவு செலவாகும்?" என்றே நாம் விசாரிக்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "யாருக்குச் சிகிச்சை அளிக்கப் போகிறாய்?"

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் உயர்கல்வி பெற்ற செவிலியர். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் இப்பயிற்சியைத் தொடங்கினார்கள். இப்படிப்பின் பிரிவுகள் பணியிடத்தை வைத்துப் பிரிக்கப்படவில்லை. நோயாளியின் வயதையும் சிகிச்சையின் தன்மையையும் வைத்தே பிரிக்கப்பட்டுள்ளன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

குடும்ப நலப் பிரிவில் படித்தவர் கைக்குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினரையும் பார்க்கலாம். ஆனால் அப்படிப்பின் அடிப்படை, கிளினிக்கில் தரப்படும் ஆரம்பநிலை மருத்துவம். செயற்கை சுவாசக் குழாய் பொருத்துவது போன்ற தீவிர சிகிச்சை முறைகள் அதன் மையம் அல்ல.

பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இதற்கு நேர்மாறு. உயிருக்குப் போராடும் நோயாளியைக் கையாளும் பயிற்சி கிடைக்கும். ஆனால் சிறு குழந்தைகள் அதன் எல்லைக்குள் வர மாட்டார்கள். நள்ளிரவில் மூன்று வயதுக் குழந்தை மூச்சுத் திணறலோடு வந்தால், அதற்குச் சிகிச்சை அளிக்கும் பொறுப்பை அவர் ஏற்க முடியாது. குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு தனியாக உள்ளது.

"பத்து ஆண்டுகள் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்தேனே, போதாதா?" என்று கேட்கலாம். அந்த அனுபவம் பெரிய பலம்தான். ஆனால் படித்த பிரிவின் எல்லையை அது விரிவாக்காது.

எல்லா வயதினரும் வரும் பொது அவசரப் பிரிவுதான் நோக்கம் என்றால், குடும்ப நலப் பிரிவில் தொடங்குவது பொருத்தம். அவசர சிகிச்சைக்கென 2017 முதல் வழங்கப்படும் தனிச் சான்றிதழுக்கும் குடும்ப நலச் சான்றிதழே அடிப்படைத் தகுதி. தீவிர சிகிச்சைத் திறனும் வேண்டுமானால், முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழ் படிப்பின் வழியே இரண்டாவது பிரிவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சேரும் முன் பிள்ளைகள் இரண்டு இடங்களில் விசாரிக்கட்டும். தாம் வசிக்கும் மாநிலத்தின் செவிலியர் வாரியம் எதை அனுமதிக்கிறது? பணியாற்ற விரும்பும் மருத்துவமனை எந்தச் சான்றிதழைக் கேட்கிறது? மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும்.

தவறான பிரிவைத் தேர்ந்தெடுத்தால் மீண்டும் படிக்க நேரும். பணமும் காலமும் வீணாகும். அதைவிட முக்கியம், நோயாளியின் உயிர் நம் பிள்ளையின் கையில் ஒப்படைக்கப்படும் அமானிதம். பயிற்சி பெறாத ஒன்றை "எனக்குத் தெரியும்" என்று செய்யும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.