கெய்லியும் காமன் கூத்தும்: உழைப்போர் கூடுகையின் சமூக அடித்தளம்

மஸ்கெலியாவை அடுத்த அப்கொட் பகுதியிலே ஸ்ட்ரத்ஸ்பே என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. ஸ்கொத்லாந்திலே ஸ்பே என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கின் பெயர் அது. அந்நாட்டு நாட்டார் நடன இசையில் ஒரு தாளவகைக்கும் அதுவே பெயர். டன்சினன், ஹோலிரூட், எடின்பரோ என நமது மலையகத்துத் தோட்டப் பெயர்ப்பலகைகள் பலவும் ஸ்கொத்லாந்தையே நினைவூட்டுவன. எனினும் பெயர் வந்த வழியிலே அந்நாட்டு உழைக்கும் மக்களின் பாட்டு வரவில்லை. இது தற்செயலன்று. அவ்விசை பிறந்த சூழலையும் நமது தோட்டங்களிற் காமன் கூத்து வேரூன்றிய சூழலையும் ஒப்புநோக்கின், மக்கள் கலைக்கும் நிலவுரிமைக்கும் உள்ள தொடர்பு தெளிவாகும். அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1867 இல் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் வர்த்தக நோக்கிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், ஸ்கொத்லாந்தின் கின்காடின் பகுதியிலிருந்து 1852 இல் இங்கு வந்தவர். அவரைப் போன்று அங்கிருந்து வந்த தோட்டத்துரைமார் பலர். ஆயினும் ஸ்கொத்லாந்தியர் அனைவரையும் ஒரே வார்ப்பினராகக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் ஏறத்தாழ நூறாண்டு காலம், அந்நாட்டின் வடமேற்கு மலைப்பகுதிகளில் கேலிக் மொழி பேசிய குடியானவர்கள் தம் நிலங்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். நிலப்பிரபுக்களுக்கு மனிதரினும் செம்மறியாடுகள் கூடிய வருவாய் தந்தன என்பதே காரணம். 1814 இல் ஸ்ட்ரத்நேவர் பள்ளத்தாக்கிலே குடிசைகள் எரியூட்டப்பட்டன. வெளியேற்றப்பட்டோரிற் பலர் கடற்கரையோரத் துண்டு நிலங்களுக்கும், கனடா முதலான தூர தேசங்களுக்கும் சென்றனர். தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சாதி ஒடுக்குமுறையாலும் பஞ்சத்தாலும் கடனாலும் உந்தப்பட்டு மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மலையேறிய நம்மவர் வரலாற்றோடு இதனை இணைத்து நோக்குதல் தகும். ஒரே தேசத்தின் பெயரால் ஒரு வர்க்கம் இங்கே நிலத்தை வளைத்துக்கொள்ள, மற்றொரு வர்க்கம் அங்கே நிலத்தை இழந்துகொண்டிருந்தது.

நிலமிழந்தும் குறுநிலத்தில் ஒதுக்கப்பட்டும் வாழ்ந்த அம்மக்களின் கலைக் கூடுகையே கெய்லி என்பது. ‘ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்லுதல்’ என்பதே கேலிக் மொழியில் அச்சொல்லின் பொருள். நீண்ட குளிர்கால இரவுகளில், ஒரு வீட்டின் கணப்பைச் சூழ அயலார் கூடுவர். ஒருவர் கதை சொல்வார், ஒருவர் பாடுவார், மற்றொருவர் பிடில் வாசிப்பார். பாடுவோர், கேட்போர் என்ற நிலையான பிரிவு அங்கில்லை. பிற்காலத்திலே இக்கூடுகை வீட்டிலிருந்து கிராமப் பொது மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது. அம்மக்களின் உழைப்போடும் பாட்டு பிணைந்திருந்தது. கம்பளித் துணியை நனைத்துப் பலகையில் அடித்துப் பதப்படுத்துகையில் ஒருத்தி அடியெடுக்க ஏனைய பெண்கள் சேர்ந்து பாடிய பாடல்கள், உழைப்பின் தாளத்தினின்றே பிறந்தவை. 1882 இல் ஸ்கை தீவின் பிரேஸ் என்னுமிடத்திற் குடியானவர்கள் பொலிசாரை எதிர்த்து நின்றனர். அக்காலத்து நிலவுரிமைக் கிளர்ச்சியின் குரலாக விளங்கியவர் ‘பாட்டுக்காரப் பெரிய மேரி’ என மக்கள் அழைத்த மேரி மக்பேர்சன் (1821–1898). கிளர்ச்சியின் விளைவாக 1886 இற் பிறந்த சட்டம், இழந்த நிலத்தை மீட்டுத் தராவிடினும், உழுத துண்டு நிலத்தினின்றும் எவரும் தம்மை எளிதில் வெளியேற்றவியலாத உரிமையைக் குடியானவர்க்கு வழங்கிற்று.

இனி நம் மலையகத்துக்கு வருவோம். மாசி மாதத்து அமாவாசைக்குப் பின்னர் காமன் பொட்டலிற் கம்பம் நடப்படும். தொடரும் நாள்களில் லயத்து இளைஞர்கள் வாத்தியாரிடம் பாட்டும் ஆட்டமும் பயில்வர். இறுதி இரவில் ரதியும் மன்மதனும் லயம் லயமாகச் சென்று ஆடுவர். ரதி வேடம் புனைவோரும் ஆடவரே. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும் ரதி புலம்புவதும் அவன் மீள உயிர்பெறுவதுமாகக் கூத்து நிகழும். நாள் முழுவதும் கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் விடிய விடிய விழித்திருப்பர். சங்கு ஊதுவதற்கும் பெயர் பதிவதற்கும் இடையே உழைப்பாளியின் நேரம் முழுவதும் தோட்டத்துக்கே உரியதாயிருந்த ஓர் அமைப்பில், அந்த இரவு ஒன்றே அவர்கள் தமக்கென எடுத்துக்கொண்ட நேரம் எனலாம்.

இங்கு தப்பு என்னும் வாத்தியம் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். முற்காலத்திலே விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது பிரட்டுத் தப்பு. அதே தப்புத்தான் காமன் பொட்டலிலும் ஒலித்தது. ஒரே தோற்கருவி, காலையில் உழைப்புச் சுரண்டலின் கட்டளையாகவும் இரவில் மக்களின் விடுதலை வேட்கையாகவும் ஒலித்த இம்முரண் மனங்கொள்ளத்தக்கது. முரண் அத்துடன் முடிவதன்று. தப்படித்தல் ஒரு சாதியாரின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது; முழக்கத்தை விரும்பியோரும் முழக்கியவரைத் தாழ்த்தியே வைத்தனர். பெரிய கங்காணியின் ஆதரவின்றிக் கூத்து நடைபெறுதல் அரிது. சபையில் முதல் மரியாதை அவருக்கே. மக்கள் கலை என்பதனால் அது தூய எதிர்ப்புக் கலை என மயங்குதல் தவறு. சமூகத்தின் முரண்பாடுகள் அனைத்தையும் அது தன்னகத்தே கொண்டிருந்தது.

ஆயினும் எதிர்ப்புக்குரலுக்கும் பாட்டே ஊர்தியாயிற்று. கங்காணியின் கொடுமையும் துரையின் அதட்டலும் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்களிற் பதிவாகியுள்ளன. கோ. நடேசய்யரின் தொழிற்சங்க மேடைகளில், மீனாட்சியம்மாள் தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரை அணிதிரட்டினார். அவை 1940 இல் நூலுருப் பெற்றன. ஸ்கை தீவின் மேரியும் அட்டன் பகுதி மேடைகளில் ஒலித்த மீனாட்சியம்மாளும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒத்த சமூக நிலைமைகள் ஒத்த கலைக்குரலைத் தோற்றுவிக்கும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

ஒப்புமை இவ்வளவில் நிற்க, வேற்றுமையே நமது சிந்தனைக்குரியது. கெய்லி நிலைத்து நின்றமைக்கு இசையின் இனிமை மாத்திரம் காரணமன்று. கூடுவோரின் காலடியில் ஓரளவேனும் உறுதியான நிலம் இருந்தது. எடின்பரோப் பல்கலைக்கழகம் 1951 இல் ஸ்கொத்திய ஆய்வுக் கல்லூரியை நிறுவி அப்பாடல்களைச் சேகரித்தது. 1973 இல் ஜோன் மக்கிராத்தின் 7:84 நாடகக்குழு, குடியகற்றல் வரலாற்றைக் கெய்லி வடிவிலேயே நாடகமாக்கி மலைக்கிராம மண்டபங்கள்தோறும் நிகழ்த்தியது. சனத்தொகையில் 7 வீதத்தினர் 84 வீதச் செல்வத்தைக் கொண்டிருந்தனர் என்ற கணக்கே அக்குழுவின் பெயராயிற்று. எவர் வரலாறு நடிக்கப்பட்டதோ அவர் வழித்தோன்றல்களே பார்வையாளராக அமர்ந்திருந்தனர்.

நமது காமன் பொட்டலோ தோட்டத்தின் காணி. லயமும் அவ்வாறே. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன, ஆடியோரும் பாடியோரும் பலராகக் கப்பலேறினர். பிரசாவுரிமைச் சிக்கல் பின்னர் சட்டத்தாற் தீர்க்கப்பட்டது. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னரும், பெரும்பாலான தோட்டக் குடும்பங்கள் தாம் வாழும் மண்ணுக்கு உறுதிப்பத்திரம் அற்றவையாகவே உள்ளன.

இந்நிலையில் காமன் கூத்தை இரண்டு மணி நேர மேடை நிகழ்ச்சியாகச் சுருக்குவதும், தப்பை வரவேற்பு ஊர்வலத்தின் அலங்காரமாக்குவதும் கலையைக் காத்தலாகா. ஒலிப்பதிவும் தொகுப்பும் இன்றியமையாதனவே; பல்கலைக்கழகங்கள் அப்பணியினின்றும் விலகிநிற்றல் தகாது. ஆனால் ஒரு மக்கட் கூட்டம் தன் பாட்டைத் தலைமுறைக்குக் கையளிக்கக் கூடுமிடம் வேண்டும்; கூடுவதற்கு ஓய்வு வேண்டும்; அங்கிருந்து எவரும் தம்மை வெளியேற்றவியலாது என்ற உறுதி வேண்டும். ஆகவே, காமன் கூத்தின் எதிர்காலம் பற்றிய ஆராய்ச்சி காணியுரிமை பற்றிய ஆராய்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். பொட்டல் எவருடையது என்ற வினாவை ஒதுக்கிவிட்டு, பொட்டலில் ஒலிக்கும் பாட்டை மாத்திரம் ஆராய்வது அரைப்பணியே ஆகும்.