தரை துடைத்த தாத்தா யார்?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஒரு பெரிய கல்லூரி இருக்கிறது. விமானப்படை அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி அது.

அங்கே மாணவர் விடுதியில் வயதான ஊழியர் ஒருவர் வேலை பார்த்தார். அவர் பெயர் வில்லியம் கிராபோர்டு. தரை துடைப்பார்; குப்பை அள்ளுவார்; கக்கூஸ் கழுவுவார். கூச்ச சுபாவம். யாராவது பேசினால் பதில் சொல்வார். இல்லாவிட்டால் வாளியும் துடைப்பமுமாகப் போய்க்கொண்டே இருப்பார். மாணவர்கள் அவரைப் பார்த்துத் தலையை அசைப்பதோடு சரி.

வீரம் என்றால் என்ன என்று வகுப்பில் பாடம் படித்தார்கள். பாடத்தில் வரவேண்டிய ஆசாமி வெளியே தரையைத் துடைத்துக்கொண்டு இருந்தார்!

புத்தகத்தில் இருந்த பெயர்

1976-ம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை. மாணவர் ஒருவர் 2-வது உலக யுத்தம் பற்றிய புத்தகம் படித்துக்கொண்டு இருந்தார். இத்தாலியில் நடந்த ஒரு சண்டை அதில் வந்தது. வீரச்செயல் புரிந்த சிப்பாயின் பெயர்: வில்லியம் கிராபோர்டு!

மாணவர் திடுக்கிட்டார். அறை நண்பரிடம் காட்டினார். "நம் கிராபோர்டா? இருக்காது!" என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் புத்தகத்தோடு போய்க் கிழவரிடமே கேட்டுவிட்டார்கள். அவர் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆமாம், அது நான்தான் என்றார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார்கள். என் வாழ்வில் அது ஒரு நாள், நடந்து வெகு காலம் ஆகிவிட்டது என்றார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஒரு நாள்

அந்த ஒரு நாள் 1943 செப்டம்பர் 13-ந் தேதி. அப்போது கிராபோர்டுக்கு வயது 25. சொந்த ஊர் பியூப்லோ.

இத்தாலியில் அல்தாவில்லா ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்று. அமெரிக்கப் படை மேலே ஏறியது. ஜெர்மானியர் எந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். யாரும் தலை தூக்க முடியவில்லை. கிராபோர்டு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. குண்டு மழையில் தனியாக முன்னேறினார். சில கஜ தூரம் நெருங்கிக் கையெறி குண்டை வீசினார். துப்பாக்கி ஓய்ந்தது.

படை மறுபடி நகர்ந்தது. இப்போது இரண்டு எந்திரத் துப்பாக்கிகள்! மறுபடியும் கிராபோர்டு போனார். இடது பக்கம் போய் ஒன்றை அழித்தார். வலது பக்கம் வந்து மற்றொன்றையும் அழித்தார். எதிரி விட்டுப்போன துப்பாக்கியை எடுத்து, ஓடுகிறவர்கள் மீதே திருப்பினார்.

அந்தச் சண்டையில் அவர் எதிரியிடம் பிடிபட்டார். இது ஊருக்குத் தெரியாது. மாண்டுபோனார் என்றே நினைத்தார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கத்தை அவருக்கு அறிவித்தார்கள். நம் நாட்டுப் பரம வீர சக்கரம் போன்றது அது. 1944-ல் அதை அவருடைய தகப்பனார் கையில் கொடுத்தார்கள். மகன் இல்லை, பதக்கம் இருக்கிறது என்று அந்த மனிதர் வீடு திரும்பியிருப்பார். பெற்றவர்களுக்கு அது தெரியும்.

மகனோ ஜெர்மானியர் சிறை முகாமில் உயிரோடு இருந்தான்!

வீடு திரும்பினார்

யுத்தம் முடிந்தது. கிராபோர்டு ஊர் திரும்பினார். கலியாணம் செய்துகொண்டார். மறுபடி ராணுவத்தில் சேர்ந்து, 1967-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் இந்தத் துப்புரவு வேலை.

உண்மை தெரிந்ததும் விடுதியே மாறிவிட்டது. மாணவர்கள் "மிஸ்டர் கிராபோர்டு" என்று மரியாதையோடு அழைத்தார்கள். விருந்துகளுக்குக் கூப்பிட்டார்கள். போட்ட குப்பையைத் தாங்களே எடுத்தார்கள். குனிந்து நடந்தவர் நிமிர்ந்து நடந்தார். சிரித்துப் பேசினார். ஆனால் வாளியை மட்டும் கீழே வைக்கவில்லை. வேலை வேலைதானே!

பதக்கத்தை அவர் ஜனாதிபதி கையால் வாங்கியதில்லை. அந்தக் குறையும் தீர்ந்தது. 1984 மே மாதம், அதே கல்லூரியின் பட்டமளிப்பு விழா. ஜனாதிபதி ரீகன் வந்தார். 40 ஆண்டுகளுக்கு முன் தகப்பனார் வாங்கிய மரியாதையை, மகன் நேரில் பெற்றார்.

கடைசி நாள்

கிராபோர்டு பால்மர் லேக் என்ற சிறு ஊரில் வாழ்ந்தார். 2000-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி காலமானார். வயது 81. கொலராடோ மாநிலமெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன.

அவர் தரைப்படைச் சிப்பாய். ஆனாலும் விமானப்படைக் கல்லூரியின் கல்லறைத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவர் துடைத்து வைத்த விடுதி இருக்கும் அதே வளாகம் அது.