கைக்கேற்ற கணனி

"கணனி வகுப்பில என்னைச் சேர்க்கேலாதாம் தங்கச்சி. ரெண்டு கையாலயும் ரைப் பண்ணவேணுமாம்."

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு மாலை, எங்கள் நிலையத்தின் படிக்கட்டில் இருந்தபடி அந்த அக்கா இதைச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பலமுறை கேட்டுப் பழகிய பதிலை இன்னொருவருக்கு ஒப்புவிப்பதுபோலவே சொன்னார்.

2009 ஏப்ரலில் விழுந்த ஷெல் ஒன்று அவருடைய வலது கையை மணிக்கட்டோடு கொண்டுபோனது. இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. வலது கைக்குப் பொருத்திய செயற்கைக் கையின் கொளுக்கியில் பென்சிலைச் செருகி அவர் பூவேலை மாதிரிகள் வரைவார். மாங்காய், கொடி, மயில் என்று அவர் தாளில் வரைவதைத்தான் எங்கள் தையல் குழுவினர் துணியில் தைப்பார்கள். வாடிக்கையாளர் மாதிரியைக் கொஞ்சம் பெருப்பித்துக் கேட்டால் முழுவதையும் மறுபடி வரையவேண்டும். நிறம் மாற்றிக் கேட்டாலும் அதே கதைதான். கணனி தெரிந்தால் இந்த வேலை சுகமாகும் என்று நினைத்துத்தான் அவர் வகுப்புக்குப் போனார். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"கைத்தொலைபேசியில் வரைந்து பார்க்கலாமே அக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். செயற்கைக் கையால் என் தொலைபேசியின் திரையைத் தட்டிக் காட்டினார். திரை அசையவேயில்லை.

குறை யாரில்?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மாற்றுத்திறன் பற்றிய பாடம் ஒன்று இருந்தது. பிரித்தானிய சமூகவியலாளர் மைக் ஒலிவர் 1983இல் 'சமூக மாதிரி' என்ற கருத்தைப் பெயரிட்டு விளக்கினார். உடலில் ஏற்பட்ட இழப்பு வேறு, அந்த உடலோடு வாழ்பவருக்குச் சமூகம் போடும் தடை வேறு என்பதே அதன் சாரம். சக்கர நாற்காலியில் வருபவரைத் தடுப்பது அவருடைய கால் அல்ல, சாய்தளம் இல்லாத படிக்கட்டு. பரீட்சைக்காக நான் பாடமாக்கிய இந்த விடயத்தின் பொருள், அன்று அந்தப் படிக்கட்டில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விசைப்பலகையை இரண்டு கைகளும் பத்து விரல்களும் உள்ள ஒருவரை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அப்படியானால் மாறவேண்டியது அக்காவா, கருவியா?

கணனியைப் பேனையால் இயக்குவது ஒன்றும் புதிய எண்ணம் அல்ல. கிரிட்பாட் என்ற பேனைக் கணனி 1989இலேயே விற்பனைக்கு வந்தது. அப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் 1993இல் வந்தது. 2002 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் 'ரப்லெட் பீசி'க்கான விண்டோஸை வெளியிட்டது. எனினும் அப்பிள் மடிக்கணனி பாவித்த ஓவியர்களுக்குத் திரையிலேயே வரையும் வசதி அப்போது கிடைக்கவில்லை. அதனால் சிலர் மடிக்கணனியைக் கழற்றித் தாங்களே மாற்றத் தொடங்கினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 'மொட்புக்'. அமெரிக்காவின் அக்சியோற்றன் என்ற சிறிய நிறுவனம் 2007 ஜனவரியில் இதை அறிமுகப்படுத்தியது. அவர்கள் புதிதாகக் கணனி ஒன்றைச் செய்யவில்லை. அப்பிளின் 13.3 அங்குல மக்புக் மடிக்கணனியை எடுத்துப் பிரித்து, மூடியையும் விசைப்பலகையையும் அகற்றினார்கள். திரையை மேல்நோக்கி வைத்து, அதன் பின்னால் வக்கொம் நிறுவனத்தின் உணரும் தகட்டைப் பொருத்தி, உறுதியான கண்ணாடியால் மூடினார்கள். சிலேற்றுப்போல் மடியில் வைத்து வரையக்கூடிய கணனி தயாரானது.

அந்தத் தகடு வேலை செய்யும் முறை வியப்பானது. தகட்டிலிருந்து மெல்லிய மின்காந்த அலை எழும். பேனைக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் அந்த அலையிலிருந்தே சக்தியைப் பெற்றுப் பதில் அலை அனுப்பும். அதனால் பேனைக்குப் பற்றரி தேவையில்லை. பதில் வந்த இடத்தைக் கொண்டு பேனை எங்கே நிற்கிறது என்பதைக் கணனி அறியும். அழுத்தத்தை 512 படிகளாக அளக்கும். மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. தகடு பேனையை மட்டுமே உணர்வதால் உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டே எழுதலாம்.

ஆனால் அதன் விலை 2,000 டொலரைத் தாண்டியிருந்தது. 2010இல் ஐபாட் வந்தபின் தட்டைக் கணனி எங்கும் பரவிவிட்டது. 2015இல் அப்பிள் நிறுவனமே அதற்கு மின்னணுப் பென்சிலையும் விற்றது. இருந்தும் இவை எங்கள் தையல் குழுவின் கைக்கு எட்டும் பொருட்களாக இருக்கவில்லை.

எங்கள் முயற்சி

எங்களிடம் இருந்தது கழித்து வைத்த பழைய மடிக்கணனி ஒன்று. விசைப்பலகையில் பாதி எழுத்துக்கள் வேலை செய்யாது. திரை நல்ல நிலையில் இருந்தது. சந்தைப் பக்கம் கணனி திருத்தும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். மொட்புக்கைப் போலச் செய்யமுடியுமா என்று கேட்டேன்.

"அந்தத் தகடு இஞ்ச கிடைக்காது அக்கா. கிடைச்சாலும் திரைக்குப் பின்னால இருக்கிற உலோகம் அலையைக் குழப்பும்" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "தொடுகண்ணாடி ஒட்டிப் பாப்பமே? அழுத்தினா வேலை செய்யிற வகை இருக்கு" என்றார்.

தொடுதிரைகளில் பல வகை உண்டு. எங்கள் கைத்தொலைபேசிகளில் இருப்பது விரலின் மின்கடத்தும் தன்மையை உணரும் வகை. பிளாஸ்ரிக் கொளுக்கியில் அந்தத் தன்மை இல்லை. அக்கா தட்டியபோது திரை அசையாமல் இருந்ததன் காரணம் இதுதான். மற்றது அழுத்தத்தை உணரும் பழைய வகை. அதில் கீழே ஒரு கண்ணாடி, மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தாள். இரண்டின் உட்பக்கத்திலும் மின்கடத்தும் பூச்சு இருக்கும். நடுவே கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் அவற்றைப் பிரித்து வைத்திருக்கும். அழுத்திய இடத்தில் இரண்டு பூச்சுக்களும் ஒன்றையொன்று தொடும். அந்த இடத்தின் மின்னழுத்தத்தை அளந்து, தொட்ட புள்ளி எது என்பதைக் கணனி கணக்கிடும். அழுத்துவது விரலா, பென்சில் முனையா, கொளுக்கியா என்று அது பார்ப்பதில்லை.

அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதிய கருவிகள் கைவிட்ட பழைய முறைதான் எங்கள் அக்காவின் கையை ஏற்கும் முறையாக இருந்தது!

திரையின் அளவுக்கேற்ற தொடுகண்ணாடியையும், அதை யூ.எஸ்.பி வழியாக இணைக்கும் சிறு சுற்றுப்பலகையையும் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். குழுவின் சேமிப்பிலிருந்துதான் காசு எடுத்தோம்.

தம்பி முதலில் பற்றரியைக் கழற்றி அப்பால் வைத்தார். மூடியின் சட்டத்தைப் பிரித்துத் திரையை வெளியே எடுத்தார். மூடியின் முதுகில் திரையின் அளவுக்கு யன்னல்போல வெட்டினார். திரையை வெளிப்புறம் பார்க்கும்படி திருப்பி அதே மூடிக்குள் பொருத்தினார். இப்போது மூடியைச் சாத்தினாலும் திரை மேலே தெரியும். திரையைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிகள் வயர்லெஸ் இணைப்புக்கானவை. அவை அறுந்தால் இணையம் இல்லை என்பதால் அவற்றை மிகக் கவனமாக ஒதுக்கினார். மூடியதும் கணனி உறங்கிவிடாதபடி அமைப்பையும் மாற்றினார்.

கடைசியில் தொடுகண்ணாடியை வைத்துச் சட்டத்தை இறுக்கும் வேலையை நான் ஆசைப்பட்டு வாங்கினேன். கண்ணாடி ஆடக்கூடாது என்று நினைத்து ஒரு மூலையைக் கூடுதலாக இறுக்கிவிட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மூலையிலிருந்து நடுவரை விரிசல் ஓடியது.

குழுவின் காசு. இருபது பெண்கள் கிழமைக்குக் கிழமை சேர்த்த காசு. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் கூட்டத்தில் பிழை என்னுடையது என்று சொல்லி, அடுத்த கண்ணாடியின் விலையை என் சம்பளத்திலிருந்து தருவதாகக் கூறினேன். சற்று நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு வயதான அம்மா ஒருவர், "ஊசி முறிஞ்சா தையலை விடுறமே பிள்ளை? பாதியை நீ போடு, பாதியை நாங்கள் போடுறம்" என்றார்.

கைத்தாங்கி

இரண்டாவது கண்ணாடி ஒழுங்காக அமைந்தது. ஓரங்களில் மெல்லிய இறப்பர் வைத்து, திருகாணிகளை அளவோடு பூட்டினோம். கணனி கேட்டபடி நான்கு மூலைகளிலும் தொட்டுக் காட்டியதும் பேனை முனையும் திரையின் புள்ளியும் ஒன்றாகின.

அக்கா வந்து அமர்ந்தார். கொளுக்கியில் முனை மழுங்கிய பிளாஸ்ரிக் குச்சியைச் செருகித் திரையில் கோடு இழுத்தார். கோடு வந்தது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஐந்து நிமிடத்தில் அடுத்த சிக்கல் வந்தது. கையை ஊன்றினால் அந்த இடத்தையும் திரை தொடுகையாக எடுத்தது. ஒரே நேரத்தில் ஒரு புள்ளியை மட்டுமே அறியும் கண்ணாடி அது. கோடு குச்சிக்கும் முழங்கைக்கும் நடுவே தாறுமாறாகப் பாய்ந்தது. கையை அந்தரத்தில் பிடித்து வரையச் செயற்கைக் கையின் பாரம் விடாது. தம்பியும் நானும் முகத்தை முகம் பார்த்தோம்.

வழி சொன்னவர் அக்காதான். "எங்கட அப்பா பெயர்ப்பலகை எழுதுறவர். ஈரப் பெயின்றில கை படாமல் இருக்க ஒரு தடியைக் குறுக்கால வச்சு, அதில கையை ஊண்டித்தான் எழுதுவார். அப்பிடி ஒண்டு செய்து தாங்கோ."

திரையின் இரு பக்கச் சட்டங்களிலும் தங்கும்படி, நடுவில் கண்ணாடியைத் தொடாமல், பாலம்போல ஒரு பலகைத் துண்டைத் தச்சர் செய்து தந்தார். அதை மேலும் கீழும் நகர்த்தலாம். அதன்மேல் கையை ஊன்றி அக்கா வரைந்தார். பிரித்தானிய சமூகவியலும் அமெரிக்க மொட்புக்கும் தீர்க்காத சிக்கலை, பெயர்ப்பலகை எழுதிய ஒரு தகப்பனின் தடி தீர்த்துவைத்தது.

பயனும் குறையும்

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். எங்கள் கணனி மொட்புக் அல்ல. அழுத்தத்திற்கேற்பக் கோடு தடிக்காது. கண்ணாடி ஒட்டியதால் திரையின் வெளிச்சம் சற்று மங்கல். மேல் தாளில் கீறல் விழும். ஆனாலும் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அக்கா ஒருமுறை வரைந்த மாங்காயைப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்கலாம், திருப்பலாம், நிறம் மாற்றலாம். மறுபடி வரையத் தேவையில்லை.

எழுதுவதற்கும் வழி உண்டு. தமிழ்க் கையெழுத்தைக் கணனிக்குப் படிப்பிக்கும் ஆய்வுகள் பல வருடங்களாக நடந்து வருகின்றன. 2006இல் இதற்கென ஓர் ஆய்வுப் போட்டியே நடந்தது. எங்கள் 247 எழுத்துக்களுக்கும் 156 வடிவங்கள் போதும் என்று அதில் எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, அரவு முதலியவை தனித்தனி வடிவங்கள்தானே! 2015இல் கூகிள் வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டில் தமிழும் இருந்தது. இடப்பெயர்வால் படிப்பை இடையில் விட்டு, விசைப்பலகையைக் கண்டு அஞ்சும் சகோதரிகளுக்கும் பேனை அந்நியம் இல்லை.

இதை வாசித்துவிட்டு வீட்டில் உள்ள மடிக்கணனியைக் கழற்றத் தொடங்கிவிடாதீர்கள். வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். பற்றரி ஊதியிருந்தால் அதை அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். மிகப் பழைய திரைகளுக்குள் மெல்லிய குழல்விளக்கு இருக்கும். அதில் பாதரசம் உண்டு, அதை எரிய வைக்கும் பகுதியில் உயர் மின்னழுத்தம் உண்டு. அப்படியான திரையைத் தொடாமல் விடுவதே நல்லது. கையில் பேனை பிடிக்கக்கூடியவர்கள் மடிக்கணனியை வெட்டத் தேவையே இல்லை. யூ.எஸ்.பி வழியாக இணைக்கும் வரைபலகை ஒன்று போதும். செயற்கைக் கை உள்ளவர்கள் எதையும் வாங்குமுன் கடையிலேயே உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். வெட்கப்படவேண்டாம்.

இன்னொன்று. எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டித் தொழிலுக்கு எடுப்பதிலோ கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அக்கா தன் கையால், தன் கணனியில் எழுதிய கடிதத்தை அந்தக் கணனி வகுப்புக்குக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. விடுவதாக இல்லை.

சென்ற கிழமை நிலையத்துக்குப் போனபோது அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி இருந்தாள். பாலப் பலகையைப் பிடித்து, "இது என்னத்துக்கு அன்ரி?" என்று கேட்டாள்.

"அது என்ர அப்பான்ர கை" என்று சொல்லிவிட்டு, அக்கா மயிலின் தோகையை வரைந்துகொண்டிருந்தார்.